பக்கம் புரளும் இடம்

உலக இசை வரலாற்றில் இதுவரை இழைக்கப்பட்ட குற்றங்களில் ஆகக் கொடியது தன் அக்காவின் பியானோ வகுப்பில்தான் நடக்கிறது என்று தம்பி அறிவித்தான். சிரிக்காமல்தான் அறிவித்தான். இசைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன் இந்த மாதிரி விஷயங்களில் சிரிப்பதில்லை.

குற்றம் இதுதான். விடுமுறை நிகழ்ச்சிக்காக ஆரம்ப மாணவர்களுக்கு அக்கா சொல்லிக்கொடுக்கும் பாட்டு, நிற்காமல் ஓடவேண்டிய சின்ன மெட்டு. அவள் புத்தகத்திலோ சுரங்கள் எலுமிச்சம்பழ அளவுக்கு அச்சாகியிருந்தன. மெட்டு ஏறி உச்சிக்குப் போகிற நேரம் பார்த்துப் பக்கம் தீர்ந்துவிடும். வலது கை அந்தரத்தில் நிற்க, இடது கையால் பக்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் எல்லோரும் தொடர்வார்கள். புத்தகமே வேண்டாம் என்ற அளவுக்குத் தேறியவர்களும் அந்த இடம் வந்தால் நின்றுவிட்டுத்தான் போவார்கள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் அவளிடம் கற்றவர்கள். தபால்காரர் அந்த மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போகும்போதுகூட அங்கே நிற்பார்.

"சைக்கிளையும் சேத்து நிறுத்தறார்க்கா."

"பிரேக் நல்லா இருக்குன்னு சந்தோஷப்படு, மேதை," என்றாள் அக்கா.

குளியலறையில் வழுக்கி விழுந்து, கட்டுப்போட்ட கையோடு அவள் சோபாவில் கிடந்தாள். அதனால் விடுமுறை நிகழ்ச்சி முடியும்வரை வகுப்பு தம்பியின் பொறுப்பு. முதல் வேலையாக மெட்டு முழுவதையும் ஒரே தாளில் பொடி எழுத்தில் எழுதி, ஆளுக்கொன்று நகலெடுத்துக் கொடுத்தான்.

பேக்கரிக்காரர் அந்தத் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒவ்வொரு விரலும் அவர் கடை பன் மாதிரி இருக்கும். போன வருடம் மேடையில் முதல் வரியிலேயே விரல் உறைந்துபோய், எழுந்து நடந்தவர் வீட்டில் போய்த்தான் நின்றார்.

"இந்தத் தடவையும் எந்திரிச்சுப் போனேன்னா, அப்புறம் மாவுல மட்டுந்தான் கைய வைப்பேன் தம்பி. பொண்ணு லீவுக்கு வந்திருக்கா. கேக்கணும்னு முன்னாடியே உக்காந்திருப்பா."

"போகமாட்டீங்கண்ணே. நடுவுல மட்டும் நிக்காதீங்க."

"டீச்சர் நிப்பாங்களே."

"அவங்க பக்கம் திருப்பறாங்க. அது பாட்டுல கிடையாது."

பேக்கரிக்காரர் முகம் வாடியது. "அந்த ஒரு எடத்தத்தான் நல்லா வாசிக்கிறேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

தம்பி விடவில்லை. நிகழ்ச்சி நாளுக்குள், கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடப்பவர் போல அவர் அந்த இடத்தைத் தாண்டப் பழகியிருந்தார்.

அரங்கில் கூட்டம். புரட்டப் பக்கம் இல்லாவிட்டாலும், தைரியத்துக்காகத் தம்பியைப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார் பேக்கரிக்காரர். முதல் வரியில் விரல் இந்தத் தடவை உறையவில்லை. முன்வரிசையில் அவர் மகள் கூடவே மெட்டை மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தாள். அடுத்து மருந்துக் கடைக்காரர். பிறகு வரிசை வரிசையாக, வாய் திறக்காமல், கூடமே அந்த மெட்டுக்குள் இறங்கியது. பேக்கரிக்காரரின் தோள்கள் தளர்ந்தன.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் நிற்பார்கள். அத்தனை பேரும் நிற்பார்கள். இவர் மட்டும் தனியாகப் போய் மாட்டிக்கொள்வார்; போன வருடம் போலவே எழுந்து போவார்.

மெட்டு ஏறிக்கொண்டிருந்தது. பேக்கரிக்காரரின் கண் பக்கவாட்டில் அவனைத் தேடியது. போகவா, நிற்கவா?

கூடம் நின்றது.

தம்பி கல்லூரி அரங்குகளில் கேட்ட மௌனமெல்லாம் இருமலை அடக்கிக்கொண்டு இருப்பவர்களின் மௌனம். இது வேறாக இருந்தது. இத்தனை தொண்டைகளிலும் அடுத்த சுரம் பழுத்து நிற்க, ஒருவரும் அதைப் பறிக்காமல் காத்திருந்தார்கள். கடைசி வரிசையில் தபால்காரர் கண்களை மூடியிருந்தார். கட்டுப்போட்ட கையோடு கதவருகே நின்ற அக்காவும் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். இப்படி ஒரு இடம் எந்தப் பாட்டிலும் எழுதி வராது என்று அவனுக்குத் தோன்றியது.

பன் போன்ற விரல் பியானோ கட்டைக்கு மேலே தயங்கி நின்றது. தம்பி கையை நீட்டினான். அந்த ஒற்றைத் தாளுக்கு மேலே, இல்லாத பக்கத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, கிழிந்துவிடாமல், மெதுவாகப் புரட்டத் தொடங்கினான்.