காற்றேறிய முகம்

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் பரிபூரணம் வேனுக்குள் குனிந்து, அப்பாவின் சட்டைக் காலர் பொத்தானைப் பூட்ட மறுபடியும் முயன்றாள். வீங்கிய கழுத்து காலருக்குள் கொள்ளவில்லை. துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம், "அப்பா போயிட்டாக" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். முகத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அப்பா ஐயாதுரைக்குக் காமாலை. பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. வயிற்றைத் திறந்து எடுக்கலாம், இல்லையென்றால் வாய் வழியாக டியூப் விட்டு எடுக்கலாம் என்றார்கள் மதுரையில். காலமெல்லாம் நூல் மில்லில் நின்று தேய்ந்த உடம்பைக் கிழிக்க வேண்டாம் என்று டியூப்பைக் கேட்டவள் பரிபூரணம்தான். "வயித்தத் தொறந்து கண்ணால பாத்து எடுக்கதுதான் நல்லது" என்று அம்மா தங்கபாய் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டியூப் வழியாகவே கல் வெளியே வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அப்பா கழுத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"ஏட்டி, தொட்டுப் பாரு. நறநறங்குது."

தோலுக்கடியில் உப்பு நெரிவதுபோல் இருந்தது. விடிவதற்குள் கன்னமும் கண்ணும் உப்பி மூடிக்கொண்டன. டியூப் பட்டுக் குடலில் சின்ன ஓட்டை விழுந்து காற்று மேலேறியிருக்கிறது, ஆயிரத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிவிடும் என்றார் டாக்டர். கடைசியில் வயிற்றைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது. அதன்பிறகு அப்பா கண் விழிக்கவில்லை.

ராஜபாளையத்தில் வீட்டு நடுக்கூடத்தில் இறக்கினார்கள். துண்டை விலக்கிய தங்கபாய் பின்வாங்கினாள்.

"யாரைட்டி கொண்டாந்திருக்க? ஆஸ்பத்திரில ஆள மாத்திக் குடுத்துட்டான். இது அவிய இல்ல."

கூட்டம் பரிபூரணத்தைப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பாலம்மாள், "நல்லாப் பாத்துத்தான வாங்குன தாயி?" என்று கேட்டேவிட்டாள்.

"அப்பாதாம்மா. காத்து ஏறிருச்சு."

"காத்தா? மனுசன் ஒடம்புல எப்படிட்டி காத்து ஏறும்?"

"டியூப் விட்டாகல்ல..."

தங்கபாய் மகளையே பார்த்தாள். பிறகு கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்து, போர்வையை ஒதுக்கி, வலது பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மில்லில் நின்று காய்த்துப்போன குதிகாலைத் தடவினாள். பெருவிரலைப் பிடித்தவள் விடவில்லை.

"நகங்கூட வெட்டாமயா கூட்டிட்டுப் போன?"

பரிபூரணம் உள்ளே போய் பிளேடு எடுத்து வந்தாள். மஞ்சள் பூத்த நகங்களைத் தங்கபாய், சதையில் பட்டுவிடாமல், ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினாள். சபையிலிருந்து வந்து ஜெபத்துக்குப் புத்தகத்தைத் திறந்திருந்த போதகர், அந்தப் பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு, சுவரோரமாக உட்கார்ந்தார்.