பந்து நீக்கிய படங்கள்

தொம்மென்று ஒரு சத்தம். மேசை விளக்கு சாய்ந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே ஏதோ ஒரு மைதானத்தில் உதைக்கப்பட்ட கால்பந்து ஒன்று, அவளுடைய வேலை அறையில் உருண்டு சுவரோரம் போய் நின்றது. அதிலிருந்த மழைச் சேறு இன்னும் காயவில்லை.

அவள் புகைப்படக் கலைஞர். பழைய செய்தித்தாள்களின் விளையாட்டுப் படங்களைப் பெரிதாக்கி, பந்தை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாக நிரப்பி, மறுபடியும் படமெடுப்பாள். பந்தில்லாத மைதானத்தில் இருபத்திரண்டு பேர் வெறும் காற்றைத் துரத்துவார்கள். கண்காட்சிக்கு வந்தவர்கள் அதைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். கடைசிப் புள்ளியை வைத்ததும், நீக்கிய பந்து அறைக்குள் வந்து விழும். முதல் வருடம் பயந்தாள். இரண்டாம் வருடம் தலைக்கவசம் வாங்கினாள். மூன்றாம் வருடத்திலிருந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தார் சனிக்கிழமைதோறும் சாக்கோடு வந்து பந்துகளை அள்ளிப் போனார்கள். டென்னிஸ் படங்களுக்கு அவள் தலைக்கவசம் போடுவதில்லை.

ஒரு படத்தை மட்டும் அவள் தொடாமல் வைத்திருந்தாள். அதில் இருந்தவர் அவள் கணவர். இறுதி ஆட்டம், கடைசி நிமிடம், பெனால்டி. கோல்கீப்பரான அவர் இடது பக்கம் பாய, பந்து வலது பக்கம் வலைக்குள் போய்க்கொண்டிருந்தது. எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் முதல் பக்கம். அன்றிலிருந்து அவர் பெயர் ‘ஓட்டைக் கை’. அணியை விட்டார், பெயிண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் டப்பாவை அவர் கையில் கொடுக்க யோசித்தார்கள். பெனால்டி அடித்தவர் அவளுடைய அண்ணன். பதினெட்டு வருடமாக, சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

“மாப்பிள்ளை, தண்ணி ஜக்கைப் பிடிங்க. வலது பக்கமா வருது.”

கணவர் சிரித்துக்கொள்வார். அவளுக்குத்தான் சோறு இறங்காது. அந்தப் பந்தையும் எடுத்துவிட்டால், படத்தில் இடது பக்கம் பாயும் மனிதர் ஒருவர் மட்டும்தான் மிஞ்சுவார். அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் எதுவும் இருக்காது என்று நினைத்தாள். கேட்டபோதெல்லாம் அவர், “அது பாட்டுக்குக் கிடக்கட்டும், விடும்மா” என்றார். இந்தக் கண்காட்சிக்கு அவள் கேட்கவில்லை.

சுரண்டினாள். நிரப்பினாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கடைசிப் புள்ளியை வைத்தாள். எதுவும் விழவில்லை. மேசைக்கடியில் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

நடையில் கணவர் நின்றிருந்தார். இடது கையில் டீ டம்ளர். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பக்கவாட்டில் நீட்டிய வலது கையில், ஈரம் சொட்டச் சொட்ட அந்தப் பந்து.

“என்னங்க, இவ்வளவு சுலபமாப் பிடிச்சிட்டீங்க?”

அவர் பந்தை மெதுவாகத் தரையில் வைத்தார்.

“அன்னைக்கும் சுலபமாத்தான் வந்துச்சு. அடிச்சது உங்கண்ணனாச்சே, நம்ம கல்யாணத்துக்கு அவர் அப்போ சரின்னு சொல்லியிருக்கலையே.”