பெரியம்மா இரண்டு முறை இறந்த வருடம்

தம்பிக்கு லீவுக் கடிதம் எழுதிக் கொடுப்பது எப்போதும் அண்ணன்தான். முப்பத்தைந்து வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்த கை. ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. கடந்த ஒரு வருடத்தில் மட்டும் பதினொரு கடிதங்கள். கூரை ஒழுகியது, மைத்துனர் காலை முறித்துக்கொண்டார், சாட்சி சொல்லப் போக வேண்டியிருந்தது, பெரியம்மா காலமானார். உண்மைக் காரணத்தை மட்டும் அவர் எழுதவில்லை.

தம்பிக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. வந்து போனபின் இரண்டு மூன்று நாள் அடித்துப் போட்டாற்போல் கிடப்பான். வைத்தியம்கூட வெளியூர் டாக்டரிடம்தான்.

"தலை நிமிர்ந்து நடந்த குடும்பம்டா இது. இப்ப என் பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வேற நடக்குது. வெளியில மூச்சு விடக்கூடாது" என்றார் அண்ணன். தம்பி அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். தகப்பன் போனபின் அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். அவர் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

இப்போது கம்பெனியிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்திருந்தது. வீட்டார் ஒருவரை உடன் அழைத்து வரலாம் என்று போட்டிருந்ததால் அண்ணனும் கிளம்பினார். டாக்டர் சீட்டுகளை எதற்கும் இருக்கட்டும் என்று தோல்பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

அது பாட்டில் தொழிற்சாலை. மேனேஜர் அறைக்குப் போகும் வழியில் தம்பி வேலை பார்க்கும் இடத்தை அண்ணன் முதன்முதலாகப் பார்த்தார். வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாக ஓடின. கீறல் இருக்கிறதா, குமிழி இருக்கிறதா என்று கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். ஓடும் பாட்டில்களுக்கு இடையே வெளிச்சம் வெட்டி வெட்டி மின்னியது. ஒரு நிமிடம் நின்றதற்கே அவருக்குத் தலை சுற்றியது. தம்பி பன்னிரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

மேனேஜர் ஒரு அம்மாள். கடிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்.

"பிப்ரவரியில உங்க பெரியம்மா தவறிட்டாங்க."

"ஆமாம்மா" என்றார் அண்ணன்.

"ஆகஸ்ட்ல மறுபடியும் தவறியிருக்காங்களே சார்."

நகல் வைத்துக்கொள்ளாதது எவ்வளவு பெரிய பிசகு என்று அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அது... வேற பெரியம்மா."

அந்த அம்மாள் தம்பியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எத்தனை பெரியம்மா?"

"ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் அவன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சார், ஒளிவு மறைவு வேண்டாம். உடம்புக்கு ஏதாவதுன்னா சொல்லுங்க. டாக்டர் சீட்டு இருந்தா விதி வேற. வேற வேலைக்குக்கூட மாத்திடலாம். இல்லேன்னா காரணமில்லாம வரலைன்னுதான் நான் எழுதணும். எழுதினா வேலை போயிடும்."

தம்பி அண்ணனின் முகத்தையே பார்த்தான். பை அவர் மடியில் இருந்தது. அவர் கையும் பையின் வாய்வரை போனது. அப்போதுதான் மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவரைக் கவனித்தார். பெண்ணுக்குப் பேசிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர். கை நின்றுவிட்டது.

"எங்க குடும்பத்துல யாருக்கும் எந்த நோயும் கிடையாதும்மா."

மேனேஜர் அதை அப்படியே எழுதச் சொல்லி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். பிறகு வேலைநீக்க உத்தரவில் தம் கையெழுத்தைப் போட்டார்.

தம்பி கணக்கு முடிக்கப் போனான். வாசலில் காத்திருந்த அண்ணனிடம் ஒரு பெண் அவனுடைய சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெல்ட்டில் அவன் பக்கத்து இடத்துக்காரி.

"நீங்கதான் பெரியவரா? ஏங்க, டாக்டர் சீட்டைக் காட்டியிருந்தா ஸ்டோருக்கு மாத்தியிருப்பாங்களே! அந்த வெளிச்சம்தான் உங்க தம்பிக்கு ஆகலை."

"எந்தச் சீட்டு? யாருக்கு என்ன?" என்றார் அண்ணன், விறைப்பாக.

"லைன்ல நாப்பது பேருக்கும் தெரியுங்க. போன தடவை விழுந்தப்ப தலைக்கு அணை கொடுத்ததே டைப் அடிக்கிறவர்தான். 'மேனேஜர் அம்மாகிட்ட போயிடக்கூடாது, எங்கண்ணன் தலை குனியக்கூடாது'ன்னு உங்க தம்பி எல்லார் காலையும் பிடிச்சார். நாங்களும் வாயைத் திறக்கலை."

டப்பாவை அப்படியே தரையில் வைத்துவிட்டு அண்ணன் மேனேஜரின் மாடி அறைக்குப் படியேறினார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவர் ஏறியதில்லை. சீட்டுகளை மேஜைமேல் கொட்டினார்.

"என் தம்பிக்கு வலிப்பு இருக்கும்மா. மூணு வருஷமா."

அவர் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. டைப் சத்தம் நின்றது. எதிர்வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். "அரை மணி நேரம் முன்னாடி கொடுத்திருக்கக் கூடாதா சார்? உத்தரவு தலைமை அலுவலகத்துக்குப் போயிடுச்சு. நோயே இல்லைன்னு நீங்க கையெழுத்துப் போட்டதும் கூடவே போயிருக்கு. எழுதிப் பார்க்கிறேன். நடக்கும்னு சொல்ல மாட்டேன்."

கீழே இறங்கியபோது தம்பி டப்பாவோடு நின்றிருந்தான். அண்ணனின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"சொல்லிட்டீங்களா?"

அண்ணன் தலையசைத்தார்.

"டைப் அடிக்கிறவர்கூட எனக்காக மூடி வச்சிருந்தாரே, இப்ப ஆபீஸ் பூராத் தெரிஞ்சிடுமே? பாப்பாவோட கல்யாணம் என்னண்ணா ஆகும்? இத்தனை நாள் நான் பல்லைக் கடிச்சிட்டு இருந்தது எதுக்கு?"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் அண்ணனிடம் குரல் உயர்த்தினான். பன்னிரண்டு வருட வேலை போனபோது வராத அழுகை, வாசலில் போவோர் வருவோர் பார்க்க, இப்போது அவனுக்கு வந்தது.