முழங்கால் வரைக்கும்தான் வருது

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு வார இதழின் நலவாழ்வு இணைப்புக்கு, ‘ஏமாற்றத்தைத் தாங்க யோகா’ என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காத வருடம் அது. நாகப்பட்டினம் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்தில், பயிர் காய்ந்து மனமுடைந்த விவசாயிகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் யோகா சொல்லிக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அங்கே ஒருவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தில் கட்டுரை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதற்குமுன் அவரை உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2

விடியற்காலையில் கண் விழித்த லூர்துராஜ்... (இப்படி ஆயிரம் கதை தொடங்கியாகிவிட்டது. வேண்டாம்.)

லூர்துராஜுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஊர்ப்பட்ட கோபமும் இருந்தன. புழுதியில் விதைத்த சம்பா, ஐப்பசித் தூறலில் எப்படியோ முளைத்து வந்து, கதிர் விடும் நேரத்தில் வாடி நின்றது. இன்னும் ஒரு தண்ணீர் கிடைத்தால் தேறிவிடும். கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் போக வேண்டியதுதான். பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் ரெஜின் அங்கே அவருக்கு ஒரு செக்யூரிட்டி வேலை பார்த்து வைத்திருந்தான். அந்தப் பேச்சை எடுத்தாலே லூர்துராஜ் போனை வைத்துவிடுவார். தினமும் சைக்கிளில், ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்புக்குப் போய், மூடிக் கிடக்கிற மதகைப் பார்த்துவிட்டு வந்து, யாரிடமாவது சண்டை போடுவார். தூக்கம் கிடையாது. மனைவி மரியபுஷ்பம்தான் கெஞ்சிக் கூத்தாடி அவரை மாதா கோயில் கூடத்துக்கு யோகாவுக்கு அனுப்பினாள். மனுஷன் தூங்கினால் போதும் என்பதுதான் அவள் வேண்டுதல்.

திருவாரூரிலிருந்து பஸ்ஸில் வரும் யோகா டீச்சர் ஷமா, எல்லோரையும் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடச் சொன்னாள். உச்சந்தலையில் குளிர்ந்த தண்ணீர் இறங்குவதாக நினைக்க வேண்டும். அது நெற்றி, கழுத்து, நெஞ்சு, இடுப்பு என்று இறங்க இறங்க உடம்பு தளரும். விரல் நுனி வரை வந்துவிட்டதா என்று கேட்டாள்.

“முழங்கால் வரைக்கும்தாங்க வருது,” என்றார் லூர்துராஜ், கண்ணைத் திறக்காமல். “அதுக்குக் கீழ வரல.”

கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே வரவில்லை.

3

ஷமாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவளை, தண்ணீர் கேட்டவர்களுக்கு மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்கிற அரைவேக்காடாக எழுதினேன். சரிப்பட்டு வரவில்லை. ஏனென்றால் அடுத்த வகுப்பில் அவள் லூர்துராஜின் காலடியில் வந்து உட்கார்ந்து, அவசரமில்லை, வரும்போது வரட்டும் என்றாள். மதகடியில் யாரும் அவரிடம் இத்தனை மரியாதையாகப் பேசியதில்லை. (கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று தேடினேன். மதகைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் உள்ளவர்கள் எங்கோ இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு என் பேனா போய்ச் சேரவில்லை.)

வராததைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வலி, விட்டுவிடுங்கள் என்றும் ஷமா சொன்னாள். லூர்துராஜ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. வீட்டிலும் பாயை விரித்துப் படுத்தார். சண்டை குறைந்தது. தூக்கம் வந்தது. ஒரு நாள் சைக்கிள் வாசலிலேயே நின்றது. மதகைப் பார்க்கப் போகவில்லை. மரியபுஷ்பம் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

கட்டுரை என்றால் இங்கேயே முடித்திருக்கலாம். ஆக, யோகா ஏமாற்றத்தை...

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

4

மார்கழிக் கடைசியில் ஒரு மாலை, விரல் நுனி வரை வந்துவிட்டதா என்று ஷமா வழக்கம்போலக் கேட்டாள்.

“வந்துருச்சும்மா,” என்றார் லூர்துராஜ். “வெரல் வரைக்கும் வந்துருச்சு.”

ஷமாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கூடத்தை விட்டு வெளியே வந்த லூர்துராஜ் நேரே கீதாரியைப் பார்க்கப் போனார். அறுத்த வயல்களில் ஆட்டுக்கிடை போட வருடா வருடம் ராமநாதபுரத்திலிருந்து வருகிறவர் அந்தக் கீதாரி. அறுவடையே இல்லாத வருடத்தில் மேய்ச்சல் தேடி மந்தையோடு அலைந்துகொண்டிருந்தார். நாளைக் காலையில் என் வயலில் ஆட்டை விடுங்கள் என்றார் லூர்துராஜ். நிற்கிற பயிரிலா என்று கீதாரி திரும்பத் திரும்பக் கேட்டார்.

வீட்டில் இதைச் சொல்லும்போது, ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்கிற குரலில்தான் சொன்னார். ரெஜினுக்கும் போன் போட்டு, வருகிறோம் என்றார். சாப்பிட்டார். படுத்ததும் தூங்கிப்போனார். அவர்கள் வாசலில் நின்றிருந்த என்னிடம் மரியபுஷ்பம் வந்தாள்.

“முன்னெல்லாம் கத்துவாரு சார். கத்துனா, தண்ணி வரும்னு இன்னும் நம்புறாருன்னு அர்த்தம். இப்ப கத்தவே மாட்டேங்கிறாரே, நான் என்ன பண்ணுவேன்?”

யோகா தோற்றிருந்தால் நக்கலாக நாலு வரி எழுதிவிட்டுப் போயிருப்பேன். அது தோற்கவில்லை. சொன்னபடி ஏமாற்றத்தைப் பிடுங்கிவிட்டது. களையைப் பிடுங்கும்போது கூடவே பயிரும் வருகிற மாதிரி, அவருடைய ஆசையும் அதோடு வந்துவிட்டது. எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

5

முடிவுகள்.

மழை பெய்து பயிர் பிழைப்பது. எழுதிப் பார்த்தேன். ஊருக்கே பொய்த்த மழை என் கதைக்கு மட்டும் பெய்தால் அது அயோக்கியத்தனம்.

ஷமா ஓடிவந்து தடுப்பது. வந்து என்ன சொல்வாள்? தயவுசெய்து கோபப்படுங்கள் என்றா?

திருப்பூர். நீலச் சட்டை, கழுத்தில் விசில். லூர்துராஜ் கம்பெனிக் கேட்டை நேரத்துக்குத் திறக்கிறார், நேரத்துக்கு மூடுகிறார். எல்லோரும் நல்ல மனிதர் என்கிறார்கள். இதை எழுதிவிட்டு, மேலே எழுத மனமில்லாமல் எழுந்து போய்விட்டேன்.

ஆகவே கதையை அந்த மறுநாள் காலையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆடுகள் வரப்பில் நிற்கின்றன. கீதாரி, கடைசியாக ஒரு முறை, லூர்துராஜின் முகத்தைப் பார்க்கிறார். மரியபுஷ்பம் காய்ந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் எப்படி எழுதினாலும் தண்ணீர் தலைப்போடு நின்றுபோகிறது. தண்ணீரை விடுவதென்றால் இனி, படிக்கிற நீங்கள்தான் விட வேண்டும்.

விட்டால், ஓடிப்போய் ஆடுகளை மறியுங்கள், அல்லது தண்ணீர் வந்துவிட்டது என்று மரியபுஷ்பத்திடம் சொல்லுங்கள். லூர்துராஜிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.