பெண்ணையாற்றில் நான் இறங்கிய இடம்

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அன்றைக்கும், "இந்த ஐப்பசி மாசத்துல எவனாவது ஆத்துப் பக்கம் போவானா? உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா இல்லையா?" என்று தனகோட்டியின் சைக்கிள் கடையில் நின்று கத்தினேன்.

"இன்னா நயினாரே, நீயே இப்படிப் பேசுற?" என்று சிரித்தான் தனகோட்டி. "சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கினு ஆத்தைத் தாண்டின ஆளாச்சே!"

அதுதான் வினை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு கதையை அளந்துவிட்டிருந்தேன். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை, அங்கிருந்து பெண்ணையாற்றுப் பள்ளத்தாக்கு, பாலம் இல்லாத இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர், அக்கரை ஏறித் திருக்கோயிலூர் வழியாக வீடு. உண்மையில் மூன்று நாளும் திருவண்ணாமலையில் என் மாமா வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினேன். அந்த வருஷம் தனகோட்டி சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. நயினார் வீட்டுப் பிள்ளை பொய் சொல்லமாட்டான் என்று எங்கள் ஜைனக் குடும்பங்களுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அதனால் ஒருவன்கூடச் சந்தேகப்படவில்லை.

இப்போது அதே வழியில் போகத் தனகோட்டியும் அவன் தம்பி பாண்டுரங்கனும் திட்டம் போட்டார்கள். நான்தான் வழிகாட்டியாம். பாண்டுவுக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பழைய காலண்டர் ஒன்றைத் தரையில் திருப்பிப் போட்டுப் பென்சிலால் வழி வரைந்தான். சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்குப் புறப்பாடு. மைல் கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. ரெண்டு கணக்கும் போட்டுப் பார்த்தான். எந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது என்றுகூடக் குறித்தான். பொழுது சாய்ந்தால் நான் சாப்பிடமாட்டேன் என்பதால் 'அண்ணனுக்கு ஆறு மணிக்குள் சோறு' என்று அதையும் எழுதினான்.

"ஆத்துல எந்த இடம்ணே?"

"அணைக்குக் கீழ ரெண்டு மைல் போனா ஒரு புளியந்தோப்பு வரும். அதுக்கு நேரா இறங்கணும்." யோசிக்கவேயில்லை, வாய் சொல்லிவிட்டது. அவன் அங்கே ஒரு வட்டம் போட்டான்.

அடுத்த ரெண்டு நாளும் விடாத மழை. தனகோட்டிக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. மண்டியில் நெல் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பேன், திடீரென்று அவன் தலை தண்ணீரில் முங்குவது போல இருக்கும், எண்ணிக்கை விட்டுப்போகும். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் ஆள் போய்விடுவான். பாழாய்ப்போன என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போனேன். தனகோட்டி டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவன் கையிலிருந்த டியூப் கீழே விழுந்தது.

"பாண்டு விடிகாலையிலயே போயிட்டான்டா. அண்ணே, உனக்கு நீச்சல் தெரியாது, நான் முன்னாடி போய் நயினாரு சொன்ன இடத்துல ஆழம் பார்த்துட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனான்."

ரெண்டு சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றித் திருவண்ணாமலை போய், அங்கிருந்து மிதித்தோம். தனகோட்டி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வழியெல்லாம் மலையும் பச்சை வயலுமாக இருந்தது; யாருக்கு வேண்டும் அது? அணைக்கு இரண்டு மைல் முன்னாலேயே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எனக்கு மிதிக்கவே வரவில்லை.

ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அணைக்குக் கீழே, நான் சொன்ன ரெண்டு மைலில், கரையில் பாண்டுவின் சைக்கிள் மட்டும் கிடந்தது. "பாண்டூ!" என்று தனகோட்டி கத்திய கத்தலில் எனக்கு உயிரே போய்விட்டது.

கொஞ்ச தூரத்தில் ஒரு மேட்டுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். உடம்பெல்லாம் சேறு, முழங்கையில் ரத்தம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்லவேளை வந்தீங்கண்ணே! ரெண்டு தடவ இறங்கினேன், ரெண்டு தடவையும் இழுத்துட்டுப் போயிடுச்சு. வேரைப் புடிச்சி ஏறினேன். நான்தான் இடத்தைத் தப்பா பார்த்துட்டேன் போலிருக்குது. மூணாவது தடவ இறங்கப் பார்த்தேன், அதுக்குள்ள வந்துட்டீங்க."

தனகோட்டி என்னைப் பார்த்தான்.

"பாண்டு, நான் இந்த ஆத்துல காலே வச்சதில்லடா. எல்லாம் பொய்," என்றேன்.

பாண்டு சிரித்தான். "எனக்குப் பயம்னு நினைச்சி இப்படிச் சொல்றீங்களா? நயினாரு வாய்ல பொய் வருமா? வாங்கண்ணே, கூட நீங்க இருந்தா நான் இறங்கிடுவேன்." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தான்.

நான் மணலில் விழுந்து அவன் ரெண்டு காலையும் கட்டிக்கொண்டேன். "வேணாண்டா சாமி, போகாதடா," என்று பெரிதாக அழுதேன். சிரித்துக்கொண்டே காலை விடுவிக்கப் பார்த்தவன், அண்ணன் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அவன் உடம்பு நடுங்க ஆரம்பித்தது.