நூற்று எழுபத்தாறாம் பக்கம்

புதன்கிழமை காலை, புதிதாக வந்த ஐந்து பிரதிகளையும் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தும் ஒரே புத்தகம். ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கும் சேர்த்து எழுதிவிடுவது என் வழக்கம். தலைப்பு, ஆசிரியர், வந்த தேதி எல்லாம் எழுதியாயிற்று. பக்கங்கள் என்ற கட்டம் வந்தது. இதே புத்தகத்தின் பழைய பிரதிக்குப் போன வருஷம் 176 என்று போட்டிருந்தேன், அதையே போடப் போனேன். பழக்கதோஷம், கை தானாகப் புதிய பிரதியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டியது. 192 என்று இருந்தது.

அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். பழைய பிரதியைத் தைத்தவர் கடைசி ஃபாரத்தை விட்டுவிட்டு அட்டை போட்டிருக்கிறார். இது எப்போதாவது நடப்பதுதான். பாதி வாக்கியத்தில் புத்தகம் நின்றுபோயிருந்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கும். இதில் 176ஆம் பக்கம் முற்றுப்புள்ளியோடு, அத்தியாயத்தின் கடைசி வரியோடு முடிந்திருந்தது. நான் அதைப் புத்தகத்தின் முடிவு என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா, ரசித்துத் தொலைத்தேன்.

எங்கள் பள்ளி நூலகத்தில் வருஷா வருஷம் ஒரு பட்டியல் ஒட்டுவோம், பதினைந்து வயதுக்காரர்களுக்கு நாற்பது புத்தகங்கள். மற்ற பள்ளிகளில் பதிப்பகம் அனுப்பும் விலைப்பட்டியலைப் பார்த்து எழுதி ஒட்டுகிறார்கள். நான் அப்படி இல்லை. நாற்பதையும் எழுத்து விடாமல் படித்து, ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் என் கையால் ஒரு சீட்டு எழுதி ஒட்டுவேன். "முழுவதும் படித்தேன். நீயும் படி." கீழே கையெழுத்து. இந்தத் தலைக்கனத்தோடுதான் பதினோரு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தின் சீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தேன்: "முடிவை இரண்டு தடவை படி. அவள் செய்ததுதான் சரி."

கதையில் ஒரு பெண். பதினைந்து வயது. வீட்டில் அவளுக்கு நடப்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறாள். 176ஆம் பக்கத்தில் அத்தை வீட்டு வாசலில் போய் நின்று, கதவைத் தட்டுவதற்காகக் கையை உயர்த்துகிறாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை. இப்போது 177இலிருந்து படித்தேன். உயர்த்திய கை கதவில் படவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது, கையை இறக்கிக்கொள்கிறாள். பேருந்து நிலையத்துக்குப் போய், எந்த ஊர் என்று பலகையைக்கூடப் பார்க்காமல் ஒரு வண்டியில் ஏறுகிறாள். மீதிப் பக்கங்கள் முழுவதும் மற்றவர்கள் அவளைத் தேடுகிறார்கள். அவள் கிடைக்கவில்லை.

முதலில் எனக்கு வந்தது வெட்கம்தான். மேசை இழுப்பறையில் பிளேடு இருந்தது. ஐந்து பிரதியிலும் அந்தப் பதினாறு பக்கத்தை அறுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்து, பிளேடைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் முணுமுணுவின் ஞாபகம் வந்தது. பிளேடைத் திரும்ப இழுப்பறையில் போட்டேன்.

முணுமுணு பத்தாம் வகுப்பு. உதட்டை அசைத்துக்கொண்டே படிப்பாள், அதனால் நான் வைத்த பெயர். வெள்ளிக்கிழமை மதியம், மற்ற பிள்ளைகள் போகும்வரை நின்றிருந்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், யார்கிட்டயும் சொல்ல முடியாத விஷயம் இருக்கிற பொண்ணு பத்தி லிஸ்ட்ல ஏதாவது கதை இருக்கா?"

எந்தப் பொண்ணு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னிடம் யார் எதைக் கேட்டாலும் புத்தகம்தான் பதிலாக வரும், அது என் தொழில் வியாதி. தலைவலி என்று வந்தால்கூட அலமாரியைப் பார்ப்பேன். சரியான புத்தகம் கைவசம் இருந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முத்திரை குத்தி முடித்த புதுப் பிரதியை, பதிவேட்டில் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவள் கையில் கொடுத்தேன்.

"இந்தா, புதுசு. நீதான் முதல் ஆள். கடைசி வரைக்கும் படி, கடைசியிலதான் பதில் இருக்கு" என்றேன். பல் டாக்டரைப் பார்க்க நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டேன்.

வகுப்பு வருகைப் பதிவேட்டைப் போய்ப் பார்த்தேன். திங்கள் வந்திருக்கிறாள். செவ்வாய் வரவில்லை. இன்றும் வரவில்லை.

தலைமையாசிரியையை நாங்கள் பெரிய மேடம் என்போம். அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், பிளேடைத் தவிர. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"புக் படிச்சு எந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போச்சு? காய்ச்சலா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வீட்டு எண்ணுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. "நீங்க நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க" என்றார். இந்தத் தடவை குரலில் காய்ச்சல் இல்லை.

பள்ளிக்குப் பின்னால் இரண்டாவது தெரு, மாடி வீடு. படி ஏறும்போதே தையல் மெஷின் சத்தம் கேட்டது, போன் மணி ஏன் கேட்கவில்லை என்று புரிந்தது. அம்மாக்காரி கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து வந்தாள். முன்னறை முழுக்க வெட்டிய துணி. சுவரோரம் ஆண் செருப்பு ஒரு ஜோடி.

"என்ன மிஸ், ஏதாவது தப்பு பண்ணிட்டாளா?"

"இன்னைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினா?"

"எட்டு மணிக்கே போயிட்டாளே. சாப்பாட்டு டப்பாகூட எடுத்துட்டுப் போனாளே."

நாங்கள் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறோம், வீட்டில் பள்ளியில் இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு நாளாக அவள் எங்கே இருந்தாள்? அம்மாக்காரி என் முகத்தைக் கவனிக்காமல், மனக்குறையைச் சொல்ல ஆள் கிடைத்த வேகத்தில் பேசிக்கொண்டே போனாள்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ், நீங்க குடுக்கிற புக்கைக் கொஞ்சம் பார்த்துக் குடுங்க. ரெண்டு மாசமா ராத்திரி கதவுக்கு நாற்காலி முட்டுக் குடுத்துட்டுத்தான் படுக்கிறா. ஏண்டின்னு கேட்டா, பேய்க்கதை படிச்சேன், பயமா இருக்குங்கிறா."

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி. அதன் கால்கள் தினமும் இழுபட்டுத் தரையில் இரண்டு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. நாற்பது புத்தகத்தில் பேய்க்கதை ஒன்றுகூடக் கிடையாது. எனக்குப் பேய் என்றால் பயம், நான் அதைப் படிப்பதே இல்லை.

"யாரு வந்திருக்கா?" சமையலறைப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. சாதாரணக் குரல்தான். என் பார்வை சுவரோரச் செருப்புக்குப் போயிற்று.

"ஸ்கூல் மிஸ்ங்க" என்று குரல் கொடுத்துவிட்டு என்னிடம், "எங்க வீட்டுக்காரர் வெளியூர் வேலையில இருக்கார். இவர் அவரோட அண்ணன், மூணு மாசமா இங்கதான் தங்கியிருக்கார்" என்றாள்.

மூன்று மாதம். இரண்டு மாதம். எனக்குக் கணக்கு வராது என்று சின்ன வயதிலிருந்து திட்டு வாங்கியவள் நான். இந்தக் கணக்கு உடனே வந்தது.

"ஒரு கையெழுத்து போடணும், என்கூட ஸ்கூல் வரைக்கும் வாங்க. நீங்க மட்டும்" என்றேன்.

பாதிப் படியில் நிறுத்தி, தாழ்ந்த குரலில், நேற்றிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை என்று சொன்னேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை எங்கே என்று கேட்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"பேய்க்கதை நீங்க குடுக்கவே இல்லையா மிஸ்?"

"இல்லைங்க. ஒண்ணுகூட இல்ல."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தலையைத் திருப்பி, மாடியில் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். பிறகு யாரும் கை கொடுக்காமல் எழுந்து, எனக்கு முன்னால் நடந்தாள். அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் பெரிய மேடம் கைக்குப் போயிற்று. போலீசுக்குச் சொன்னார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றதற்கு, "ஒருத்தர் இங்க இருக்கணும். நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டார். நூலகத்தில் வந்து உட்கார்ந்தேன். என்னைப் போல ஒரு கையாலாகாதவள் உலகத்தில் இருக்க மாட்டாள் என்று தோன்றியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கணக்கு வாத்தியார் என்னைக் கிண்டல் செய்யும்போதெல்லாம் சண்டைக்குப் போவேன். இன்று அவர் வந்து சொல்லியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன்.

மூன்று மணி வாக்கில், இனி வேறு எந்தப் பிள்ளை கையிலும் அது போகக்கூடாது என்று பரிந்துரை அலமாரியிலிருந்து அந்தப் புத்தகங்களை எடுத்துவந்து மேசையில் அடுக்கினேன். மேசையில் ஒன்று, முணுமுணுவிடம் ஒன்று போக, மூன்று புதிசு, ஒரு பழசு இருக்க வேண்டும். நான்குமே புதிசாக இருந்தன. காலையிலிருந்து மேசையில் கிடந்ததோடு ஐந்து. திரும்ப எண்ணினேன். ஐந்தேதான். பழசைக் காணவில்லை.

ஜன்னல் சாத்த வந்த அட்டெண்டர் அக்காவைக் கேட்டேன்.

"அதுவா? வெள்ளிக்கிழமை நீங்க போன உடனே அந்தப் பொண்ணு திரும்பி வந்து மாத்திட்டுப் போச்சே. புதுசுல சீட்டு ஒட்டலையாம். மிஸ் எழுதின சீட்டு இருக்கிறதுதான் வேணும்னு ஒரே பிடிவாதம். பழசைத்தான் குடுத்தேன். தப்பா மிஸ்?"

தப்பில்லை என்று தலையை ஆட்டினேன். அப்படியானால் அவளிடம் இருப்பது என் புத்தகம். அதில் பேருந்து இல்லை, கை இன்னும் உயர்ந்தே இருக்கிறது. முடிவை இரண்டு தடவை படி, அவள் செய்ததுதான் சரி என்று கீழே நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிம்மதி வந்ததா என்றால் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. அவளுக்கு அத்தை யாராவது இருக்கிறாளா? எந்த வாசலில் போய் நிற்பாள்? உள்ளே யாராவது சிரித்துத் தொலைத்தால்?

மூன்றே முக்காலுக்கு மணி அடித்தது. மாடிப்படியில் பிள்ளைகள் தடதடவென்று இறங்கினார்கள், சைக்கிள் மணிகள், யாரையோ யாரோ பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம், பிறகு ஒவ்வொன்றாக அடங்கியது. அட்டெண்டர் அக்கா விளக்கை அணைக்கப் போனாள். வேண்டாம், எரியட்டும், நீங்க போங்க என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். போன் அடிக்கவில்லை.

நூலகக் கதவின் மேல்பாதி மங்கல் கண்ணாடி. வெளியே நிற்பவர் யார் என்று தெரியாது, ஆள் நிற்பது மட்டும் தெரியும். நான்கு மணி தாண்டி, ஆளில்லாத வராந்தாவில் காலடி கேட்டது. கதவருகே வந்து நின்றது. கண்ணாடியில் ஒரு சின்ன உருவம், தோளில் பை. தலை குனிந்திருந்தது. கை மெல்ல உயர்ந்தது. உயர்ந்து, கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் அப்படியே நின்றது.

தட்டட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, பாதிக் குரலில் ஏதோ சொல்லிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவள் கை இன்னும் காற்றிலேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.