மூன்று வலது, ஒரு இடது

கார் சிவப்பு என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் அதைப் பார்த்த இன்னொருவர், "அது சாம்பல் நிறம், நீ துருவைப் பார்த்துச் சிவப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கே" என்கிறார். இருக்கலாம். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. மற்றவற்றில் கண்டதும் கேட்டதும் கலந்திருக்கும்.

அதை வைத்திருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அதிகம் பேசாதவர். ஏதாவது கேட்டால், வாடிக்கையாளருக்கு லென்ஸ் மாற்றிப் போட்டுப் பார்ப்பதுபோல, மனதுக்குள் நாலைந்து பதில்களைப் போட்டுப் பார்த்து, எதுவும் பொருந்தவில்லையென்று சும்மா இருந்துவிடுவார்.

அவர் மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனபோதும் சும்மாதான் இருந்தார். அவள் சொன்னது ஒன்றுதான். "அந்த வண்டி மொதல்ல போகட்டும். அப்புறம் நான் வர்றேன்."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்பா வீட்டுக்கு அழைத்துப்போகும் போதெல்லாம், சந்து முனையில் அவளை இறக்கிவிட்டு அவர் அந்த வண்டியிலேயே அப்படியே போய்விடுவார். கல்யாணமான முதல் வருஷம் வாசல் வரை வந்தவர்தான். அதற்குப் பிறகு முனையோடு சரி. மாமனாருக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி.

"என் வாசப்படி உன் வீட்டுக்காரர என்னம்மா பண்ணுச்சு?"

"வேலை இருக்காம்ப்பா."

இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

உண்மை வேறு. அந்தக் கார் இடது பக்கம் திரும்பாது. பெட்ரோல் டாங்குக்குள் இருந்த தடுப்பு உடைந்து, இடது பக்கம் திரும்பினால் பெட்ரோல் மொத்தமும் ஓரமாக ஒதுங்கிவிடும்; எஞ்சின் செத்துவிடும். டாங்கை நிரப்பிவிடலாம் என்றால், பாதிக்கு மேல் ஊற்றினால் ஒழுகும். மெக்கானிக், அந்தப் பாகத்தைச் செய்பவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார். மூன்று முறை வலது பக்கம் திரும்பினால் ஒரு இடது என்று கண்ணாடிக்காரரே கண்டுபிடித்தார். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கடைக்குப் போனார், வங்கிக்குப் போனார், பல் பிடுங்கப் போனார். கணக்கு உதைத்தது ஒரே இடத்தில்தான். மாமனார் வீட்டுச் சந்து, கால்வாயை ஒட்டிப் போகும் ஒருவழிப் பாதையில் இடது பக்கம் இருந்தது. எதிர்ப்பக்கம் கால்வாய் என்பதால் எத்தனை வலது போட்டாலும் அதற்குள் நுழைய முடியாது.

ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போயிருக்கலாமே என்பீர்கள். நடந்து போனால் மாமனார், "கார் எங்க மாப்பிள்ளை?" என்பார். இந்தக் காரை வாங்காதீர்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவரிடம் போய் நீங்கள் சொன்னதுதான் சரி என்பதைவிட, திமிர் பிடித்தவன் என்று பெயரெடுப்பது கண்ணாடிக்காரருக்குச் சுலபமாக இருந்தது. மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாயங்காலத்துக்குள் அவள் அப்பா காதுக்குப் போய்விடும்.

மனைவி சொன்னபடி காரை விற்றுவிட முடிவு செய்தார். அதைப் பார்க்க வந்தவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். மாடு வாங்க வந்தவர் மாதிரி நாலு பக்கமும் குனிந்து பார்த்தார்.

"ரிவர்ஸ் கியர் கெடையாது," என்றார் கண்ணாடிக்காரர்.

"கெடையாதுன்னா? இருந்து போச்சா, பொறந்ததுலேர்ந்தே இல்லையா?"

"இருந்து போச்சு."

"ஜன்னல்ல என்ன, கட்டை?"

"எடுத்தா கண்ணாடி எறங்கிடும். ஏறாது."

"நீங்களே கண்ணாடிக்காரர். மழை பெஞ்சா?"

"உள்ளயும் பெய்யும்."

"வேற?"

கண்ணாடிக்காரர் நெடுநேரம் காரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஒண்ணுமில்ல," என்றார்.

"சரி, நீங்களே ஓட்டுங்க. நான் ஸ்டியரிங் பக்கம் உக்காந்து எவ்வளவோ நாளாச்சு. பக்கத்து சீட்டுல இருந்தாத்தான் எனக்கு வண்டி புரியும்."

கிளம்பினார்கள். வாத்தியாரின் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. வலது. வலது. மறுபடி வலது. சலூன்காரர் கையில் சீப்போடு வாசலில் நின்றிருந்தார். வலது. கொஞ்ச நேரத்தில் சலூன்காரர் மறுபடி நின்றிருந்தார்.

"இந்த சலூனுக்கு ஊர்ல எத்தனை கிளை சார்?" என்றார் வாத்தியார்.

"ஒண்ணுதான்."

மூன்றாம் முறை சலூன்காரர் கையசைத்தார். வலது பக்கமாகவே திரும்பி வீடு போய்ச்சேர இருந்த வழி கால்வாய்ப் பாதை ஒன்றுதான். அதில் கொஞ்ச தூரம் போனதும் வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"இன்டிகேட்டர் போடுங்க. இடது பக்கம் திரும்புங்க."

கண்ணாடிக்காரர் திரும்பியிருக்கக் கூடாது. ஆனால் அந்தக் குரல் அப்படி. இதே மாதிரி ஒரு குரலுக்கு நடுங்கித்தான் அவர் கார் ஓட்டவே கற்றிருந்தார். கைகள் அவரைக் கேட்காமல் திரும்பின. சந்துக்குள் நுழைந்ததும் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. கார் மட்டும் வந்த வேகத்தில் சத்தமில்லாமல் உருண்டு போய் ஒரு வாசலில் நின்றது.

மாமனார் வீட்டு வாசல்.

மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நிறுத்தி, நிதானமாக, இரண்டு தடவை சொல்லிப் பழகியவர். செய்தித்தாளோடு வெளியே வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார். பிறகு, "வாங்க மாப்பிள்ளை."

"வண்டிய எடுங்க சார், ரிவர்ஸ்ல..." என்று ஆரம்பித்த வாத்தியார், நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்.

"இன்னிக்கு வேலை இல்லையோ?" என்றார் மாமனார்.

கண்ணாடிக்காரர் காரிலிருந்து இறங்கினார். ஒவ்வொரு பதிலாக மாட்டிப் பார்த்தார். எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. மாமனாருக்குப் பின்னால் கதவருகே மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். அவர் நிற்பதைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கணவருக்காக இன்னொரு பொய்யைச் சொல்ல வாயெடுத்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இந்த வண்டி இடது பக்கம் திரும்பாது மாமா," என்றார். "நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான் கேக்கல. அதான் வரல."



"நிஜந்தான் சார்," என்றார் வாத்தியார். "இவ்வளவு நேரம் வலது பக்கமாவே சுத்தினோம். எனக்குத் தலை இன்னும் நிக்கல."

"அப்போ எம்மேல கோவமில்ல?" என்றார் மாமனார்.

"இல்ல மாமா."

"கொஞ்சங்கூட?"

"இல்ல."

மாமனார் முகம் தொங்கிப்போனது. "நேர்ல பாத்தா என்னென்ன கேக்கணும்னு வருஷக்கணக்கா யோசிச்சு வெச்சிருக்கேனே மாப்பிள்ளை. இப்போ அத என்ன பண்றது?"

"கேட்டுடுங்க மாமா."

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். நிமிர்ந்து நின்று, கணீரென்ற குரலில் கேட்டார். பெண்ணைக் கொடுத்தவன் வீட்டு வாசல் அவ்வளவு இளக்காரமா என்று இரண்டு தடவை. அக்கம்பக்கத்தார் கேலி பேசியபோது தான் தலைகுனிந்ததை இரண்டு தடவை. அந்த அக்கம்பக்கத்தாரே வெளியே வந்து நின்று கேட்டார்கள். கண்ணாடிக்காரர் கைகட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். 'நான் அப்பவே சொன்னேன்' என்ற இடம் வந்தபோது மகள் ஒரு பார்வை பார்த்தாள். மாமனார் அதை மட்டும் முழுங்கிவிட்டார்.

"அவ்வளவுதான். உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்," என்று முடித்தார். பழக்க தோஷத்தில் அதையும் திரும்பச் சொன்னார்.

மனைவி மட்டும் நகரவில்லை. "அப்போ அந்தச் சுத்தெல்லாம் இதுக்குத்தானா?" என்றாள் மெதுவாக. "என்கூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும்னு சுத்துறீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்."

இந்த முறை அவர் பதில் தேடவில்லை. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

"மொத வருஷம் வண்டி நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

அவள் யோசித்தாள். "மொத வருஷமும் சுத்தினோமே."

"ஆமா."

அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள்.

வாத்தியார் இதற்குள் முனை வரை நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். சந்திலிருந்து பாதைக்கு ஏறவும் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். "வாங்கிக்கறேன் சார்," என்றார். "பெடலும் கியரும் கத்துக்கொடுக்க நகராத வண்டியாத்தான் தேடிட்டிருந்தேன். ஓடுற வண்டியில மொத வாரம் எனக்கு உசிரே போயிடுது. இங்கயே நிக்கட்டும்."

கார் இன்றும் அந்த வாசலில்தான் நிற்கிறது. டயர்களில் காற்று இல்லை. வாத்தியாரிடம் புதிதாகச் சேருகிறவர்கள் அதில் உட்கார்ந்து கியர் போடப் பழகுகிறார்கள். அவர் பக்கத்து சீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார். மாமனார் வாசலில் நின்று வண்டி புறப்படுவதாக இரண்டு தடவை அறிவிப்பார். அவரை யாரும் தடுப்பதில்லை. மெக்கானிக் தன் தொழிலை விட்டுவிட்டார். கண்ணாடிக்காரர் வேறு கார் வாங்கவில்லை. அவரும் மனைவியும் அந்த வீட்டுக்கு நடந்தே வருகிறார்கள். கொஞ்சம் சுற்றித்தான் வருகிறார்கள்.